ஒரு செல் கனமுள்ள சுவர்

1986இல் பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இதயக் குழாய்களைப் படமெடுக்க வந்த சிலரின் கரோனரித் தமனிக்குள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை மிகச் சிறிய அளவுகளில் மருத்துவர்கள் செலுத்திப் பார்த்தார்கள். பழுதில்லாத தமனிகள் விரிந்தன. கொழுப்பு படிந்து குறுகியிருந்த தமனிகளோ அதே மருந்துக்கு மேலும் இறுகின. லேசாகப் பழுதாகத் தொடங்கியிருந்த தமனிகள்கூடப் பெரும்பாலும் இறுகவே செய்தன. அடுத்து நைட்ரோகிளிசரினைச் செலுத்தியபோது இறுகிய தமனிகளும் விரிந்துகொடுத்தன. அப்படியானால் தமனியின் தசைக்கு விரியும் திறன் போய்விடவில்லை. விரியும்படி தசைக்குச் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்றுதான் பேசாமல் இருந்துவிட்டது.

அந்த ஏதோ ஒன்று, தமனியின் உட்சுவரில் படிந்திருக்கும் ஒரே ஒரு செல் அடுக்கு. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். இதயத்தின் அறைகளில் தொடங்கி, ஒரு சிவப்பணு நெருக்கியடித்துக்கொண்டு போகும் நுண்குழாய் வரைக்கும், ரத்தம் தொடும் இடமெல்லாம் இந்த அடுக்குதான் இருக்கிறது. நுண்குழாய்களில் சுவர் என்று சொல்ல இதைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஒரு மனித உடம்பில் இப்படிப் பல லட்சம் கோடிச் செல்கள் உள்ளன. இனி இவற்றை உட்சுவர்ச் செல்கள் என்றே அழைக்கிறேன். ரத்தம் ஒட்டாமல் ஓட உதவும் வழவழப்பான உறை என்று மட்டுமே பாடநூல்கள் இவற்றைப் பற்றி நீண்ட காலம் எழுதிவந்தன. உடம்பின் ரத்த அழுத்தத்தில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 1978க்கு முன் ஒரு மருத்துவ மாணவர் தேர்வில் எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது.

அந்த ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். வயது அறுபதைக் கடந்திருந்தது. பல ஆண்டுகளாக அவர் பயன்படுத்திய முறை ஒன்று உண்டு. தமனியைச் சுருள் வாக்கில் நாடாவாக வெட்டி, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்தை ஊற்றி, நாடா சுருங்குகிறதா தளர்கிறதா என்று அளப்பார்கள். அசிட்டைல்கோலின் ஊற்றினால் நாடா சுருங்கும் என்று 1953இல் அவரே எழுதியிருந்தார். ஆனால் உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் அதே மருந்தைச் செலுத்தினால் குழாய்கள் விரிகின்றன. இந்த முரண்பாடு கால் நூற்றாண்டாக அப்படியே கிடந்தது.

1978 மே மாதம் நாடாவுக்குப் பதிலாக வளையங்களாக வெட்டிய தமனித் துண்டுகளை வைத்துச் சோதனை நடந்தது. உதவியாளர் சொல்லப்பட்ட வரிசையைத் தவறவிட்டு, ஏற்கெனவே சுருங்கியிருந்த வளையத்தின் மீது அசிட்டைல்கோலினுக்கு நெருங்கிய உறவான கார்பகோலை ஊற்றிவிட்டார். வளையம் தளர்ந்தது. வேறொருவராக இருந்தால் தவறான சோதனை என்று குறித்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கியிருப்பார். ஃபர்ச்காட் நாடாவுக்கும் வளையத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தேடத் தொடங்கினார். நாடாவாக வெட்டும்போது அதன் உட்பக்கம் விரலிலோ வேறு பரப்பிலோ உரசுகிறது. அந்த உரசலில் உட்சுவர்ச் செல்கள் உதிர்ந்துபோகின்றன. வளையத்தில் அவை பிழைத்திருக்கின்றன. வேண்டுமென்றே தேய்த்து நீக்கிப் பார்த்தார், தளர்வு போய்விட்டது. செல்கள் நீக்கிய ஒரு நாடாவை, செல்கள் உள்ள இன்னொரு நாடாவோடு முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பார்த்தார். வெற்று நாடாவும் தளர்ந்தது. ஆகவே உட்சுவர்ச் செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளியிடுகின்றன, அது அடுத்திருக்கும் தசையை எட்டுகிறது. 1980இல் ஜான் ஜவாட்ஸ்கியுடன் சேர்ந்து இதை நேச்சர் இதழில் வெளியிட்டார்.

அந்தப் பொருள் என்ன என்று தெரிய இன்னும் ஆறேழு ஆண்டுகள் ஆயின. விடையின் ஒரு பாதி ஏற்கெனவே வேறோர் இடத்தில் இருந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஃபெரிட் முராட், நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை விடுவிப்பதன் மூலமே வேலை செய்கிறது என்று 1977இல் காட்டியிருந்தார். நைட்ரோகிளிசரின்தான் டைனமைட்டின் வெடிபொருளும்கூட. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். 1986இல் ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோவும் தனித்தனியாக ஒரே முடிவை ஒரே கூட்டத்தில் முன்வைத்தனர்: உட்சுவர்ச் செல்கள் வெளியிடும் பொருளும் நைட்ரிக் ஆக்சைடுதான். அடுத்த ஆண்டு லண்டனுக்கு அருகில் பெக்கன்ஹாமில் இருந்த வெல்கம் ஆய்வகத்தில் சால்வடார் மொன்காடாவின் குழு அந்த வாயுவை நேரடியாக அளந்து காட்டியது. 1998இல் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர நோபல் விதி இடம் தருவதில்லை. மொன்காடா விடுபட்டது அறிவியல் வரலாற்றின் பெரிய அநியாயங்களில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். அளந்து நிரூபித்தவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்திருக்க வேண்டும்.

நைட்ரிக் ஆக்சைடு என்பது ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மூலக்கூறு. மயக்க மருந்தாகப் பயன்படும் சிரிப்பூட்டும் வாயு வேறு. அது நைட்ரஸ் ஆக்சைடு. நைட்ரிக் ஆக்சைடு மின்னலில் உண்டாகிறது, வாகனப் புகையிலும் இருக்கிறது. 1987 வரை அதை நச்சுவாயுவாக மட்டுமே பலரும் அறிந்திருந்தார்கள். அது உட்சுவர்ச் செல்லிலிருந்து வெளியேறி, பக்கத்தில் உள்ள மென்தசைச் செல்லுக்குள் நுழைந்ததும் குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியைப் பற்றிக்கொள்கிறது. அந்த நொதி முடுக்கம் பெற்று, சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறை ஏராளமாகத் தயாரிக்கிறது. அதன் விளைவாகத் தசைக்குள் கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. சைக்ளிக் ஜிஎம்பியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தியாயத்தின் கடைசியில் ஓர் உயிர்காக்கும் விஷயத்துக்காக அதனிடம் திரும்ப வருவோம்.

இந்த வாயுவிடம் ஒரு பெரிய சிக்கல் உண்டு. அதைச் சேமித்து வைக்க முடியாது. கணையம் இன்சுலினைச் சிறு பைகளில் அடைத்து வைத்து, தேவைப்படும்போது பையை உடைத்து வெளியே விடுகிறது. நரம்புச் செல்களும் தங்கள் தூதுப் பொருள்களை அப்படியே பையில் வைத்திருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடை எந்தப் பையும் பிடித்து நிறுத்தாது. செல்லின் சவ்வு வழியாகத் தானாகக் கசிந்து போய்விடும். திசுவுக்குள் அதன் ஆயுள் சில நொடிகள். ரத்தத்துக்குள் போய்விட்டால் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் அதைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அழித்துவிடும். இப்படிப்பட்ட பொருளை எவ்வளவு, எங்கே, எப்போது என்று கட்டுப்படுத்த வேண்டுமானால், தயாரிக்கும் நொடியிலேயே தயாரிக்கும் இடத்திலேயே கட்டுப்படுத்தியாக வேண்டும். உட்சுவர்ச் செல்களின் திறமையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. வாயுவைத் தயாரிப்பதைவிட அதன் அளவைக் காப்பதற்கு அவை வைத்திருக்கும் ஏற்பாடுகளே அதிகம்.

தயாரிக்கும் நொதியின் பெயர் எண்டோதீலிய நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ். ஆய்வாளர்கள் சுருக்கமாக ஈநாஸ் என்பார்கள். 1203 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அது. இரண்டு பிரதிகள் இணை சேர்ந்தால்தான் வேலை செய்யும். அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தையும் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு, நைட்ரிக் ஆக்சைடையும் சிட்ருலின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தையும் தருகிறது. இணையில் ஒரு பிரதியின் வால்பகுதியிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்பட்டு மற்றப் பிரதியின் தலைப்பகுதியில் உள்ள இரும்பு அணுவைச் சென்றடைய வேண்டும். அங்கேதான் வேதிவினை நடக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு நொதிகள் உள்ளன. ஒன்று நரம்புகளில் இருக்கிறது. மற்றொன்று கிருமித் தாக்குதலின்போது நோய் எதிர்ப்புச் செல்களில் தோன்றுவது. மற்ற இரண்டையும் பொதுவாக எழுப்புவது செல்லுக்குள் கூடும் கால்சியம்; இதற்கு அந்த நிபந்தனை கிடையாது. தோன்றிவிட்டால் மணிக்கணக்கில் நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளியின் அழுத்தம் அதலபாதாளத்துக்குச் சரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் அந்த உற்பத்தியை மருந்து கொடுத்து நிறுத்திவிடலாமே என்று நினைத்தார்கள். மூன்று நொதிகளையும் ஒருசேர முடக்கும் ஒரு மருந்தைத் தீவிரக் கிருமிப் பரவலால் அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களிடம் இறப்பு கூடியதால் சோதனையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கூடினாலும் ஆபத்து, அடியோடு நிறுத்தினாலும் ஆபத்து. ஈநாஸ் ஏன் இவ்வளவு கட்டுக்காவலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்பது இப்போது புரியும்.

முதல் கட்டு, இடம். ஈநாஸ் செல்லுக்குள் சுதந்திரமாக மிதப்பதில்லை. அதன் முனையில் கொழுப்பு அமிலங்கள் ஒட்டப்பட்டு, செல் சவ்வில் உள்ள கேவியோலே என்னும் நுண்ணிய குழிவுகளில் நிறுத்தப்படுகிறது. அந்தக் குழிவுகளைத் தாங்கி நிற்கும் கேவியோலின் என்ற புரதம் ஈநாஸைப் பிடித்து அதன் செயலை அடக்கி வைக்கிறது. செல்லுக்குள் கால்சியம் உயரும்போது, கால்மோடுலின் என்ற சிறு புரதம் கால்சியத்தை ஏற்றுக்கொண்டு வந்து ஈநாஸின் நடுப்பகுதியில் ஒட்டுகிறது. கேவியோலினின் பிடி விலகுகிறது. எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்குகின்றன. ஃபர்ச்காட்டின் வளையத்தில் நடந்தது இதுதான். கார்பகோல் செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பியில் அமர்ந்தது, உள்ளே கால்சியம் ஏறியது, ஈநாஸ் விழித்தது. கால்சியம் இறங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கேவியோலினுக்கான மரபணுவை நீக்கிய எலிகளில் நைட்ரிக் ஆக்சைடின் செயல் கட்டுமீறி அதிகமாக இருந்ததை 2001இல் கண்டார்கள். ஆகவே இந்த அடக்குமுறை சும்மா பெயருக்கு இருப்பதில்லை.

ஆனால் கால்சியம் ஏறி இறங்குவது சில நிமிடக் கதை. நம் குழாய்கள் நாள் முழுக்க ஓரளவு விரிந்த நிலையிலேயே இருக்கின்றனவே, அதற்கு யார் பொறுப்பு? லண்டனில் 1989இல் பாட்ரிக் வாலன்ஸும் மற்றவர்களும் ஆரோக்கியமானவர்களின் முன்கைத் தமனிக்குள் நைட்ரிக் ஆக்சைடு தயாரிப்பை முடக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். எந்தத் தூண்டுதலும் தராமல், வெறுமனே படுத்திருந்தவர்களின் கையில் ரத்த ஓட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாம் சும்மா இருக்கும்போதும் உட்சுவர்ச் செல்கள் சும்மா இருப்பதில்லை என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. 1995இல் ஈநாஸ் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவை பிறவியிலேயே உயர் ரத்த அழுத்தம் கொண்டவையாக இருந்தன.

இந்த இடைவிடாத உற்பத்தியை நடத்துவது ரத்தம் ஓடும்போது உண்டாகும் உராய்வு. ஓடும் ரத்தம் உட்சுவர்ச் செல்களைத் தன் திசையில் இழுக்கிறது. அந்த இழுப்பைச் செல்கள் பல வழிகளில் உணர்கின்றன. மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெல்லிய பூச்சு சாய்கிறது. அழுத்தத்தை உணரும் பீசோ1 என்ற வாயில் திறக்கிறது. ஒரு செல்லையும் பக்கத்துச் செல்லையும் இணைக்கும் புரதங்கள் இழுபடுகின்றன. இவையெல்லாம் சேர்ந்து ஏகேடி என்ற நொதியைத் தட்டி எழுப்புகின்றன. அது ஈநாஸின் 1177ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. 1999இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் நேச்சர் இதழில் அறிவித்த கண்டுபிடிப்பு இது. ஒரே ஒரு பாஸ்பேட் ஒட்டியதும், கால்சியம் ஏறாமல் சாதாரண அளவில் இருக்கும்போதே ஈநாஸ் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அதே புரதத்தின் 495ஆவது இடத்தில் ஒரு திரியோனின் இருக்கிறது. அங்கே பாஸ்பேட் ஒட்டினால் கால்மோடுலின் அண்ட முடியாது, வேலை தடைபடும். ஓட்டம் கூடினால் 1177இல் பாஸ்பேட் ஏறும், 495இலிருந்து இறங்கும். ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்களில் இரண்டு இடங்களை மாற்றி, ஒரு குழாயின் விட்டத்தையே நொடிக்கு நொடி சரிசெய்வது என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மூளையிலிருந்து எந்த உத்தரவும் வருவதில்லை என்பது. ஏரிப் பாசனத்தில் வாய்க்காலோரம் நடந்துபோய், எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அந்தந்த இடத்திலேயே மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சியைப் போல, ஒவ்வோர் அங்குலக் குழாயிலும் உட்சுவர்ச் செல்களே முடிவெடுக்கின்றன. நீங்கள் மாடிப்படி ஏறும்போது தொடைத் தசை ஆக்சிஜன் கேட்கிறது, அங்குள்ள நுண்ணிய குழாய்கள் விரிகின்றன, அதனால் மேலே உள்ள பெரிய தமனியில் ஓட்டம் வேகமெடுக்கிறது, உராய்வு கூடுகிறது, அந்தத் தமனியும் விரிகிறது. குழாய் விரிந்ததும் உராய்வு குறைந்துவிடும், உற்பத்தியும் தணிந்துவிடும்.

மருத்துவர்கள் இதையே ஒரு பரிசோதனையாக்கிவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, காற்றேற்றி, ரத்த ஓட்டத்தை 5 நிமிடம் தடுத்து வைக்கிறார்கள். பிறகு விட்டுவிட்டால் ரத்தம் பாய்ந்து வருகிறது. அந்தப் பாய்ச்சலுக்கு மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளக்கிறார்கள். 1992இல் இந்த முறையை முன்வைத்த டேவிட் செலர்மேஜரின் குழு, நோயின் அறிகுறியே இல்லாத இளம் புகைபிடிப்பவர்களிடமும், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த குழந்தைகளிடமும்கூட இந்த விரிதல் குறைந்திருப்பதைக் கண்டது. தமனியில் அடைப்பு தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உட்சுவர்ச் செல்களின் செயல் குன்றிவிடுகிறது.

இதுவரை பார்த்தவை எல்லாம் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் வழிகள். உற்பத்தியான பிறகு? வாயுதானே, நாலாபக்கமும் பரவிப் பக்கத்துத் தசைக்குப் போய்ச் சேரும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2012இல் அந்த எண்ணம் மாறியது. அதே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், முராட் 1977இல் வேலை செய்த இடத்தில், பிரான்ட் ஐசக்சனின் ஆய்வகத்திலிருந்து ஆடம் ஸ்ட்ராப் முதலானோர் எழுதிய கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. சின்னஞ்சிறு தமனிகளில் உட்சுவர்ச் செல்கள் மென்தசைச் செல்களை நோக்கிக் குட்டிக் குட்டி நீட்சிகளை அனுப்பி, இடையிலுள்ள சவ்வைத் துளைத்துக்கொண்டு போய்த் தொட்டு நிற்கின்றன. அந்தத் தொடுமுனைகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது அங்கே ஹீமோகுளோபின் இருந்தது.

ஹீமோகுளோபின் என்றால் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் என்றே பள்ளியில் படிக்கிறோம். சிவப்பணுவில் அது ஆல்ஃபா சங்கிலி இரண்டும் பீட்டா சங்கிலி இரண்டும் சேர்ந்த நால்வர் கூட்டு. இங்கே ஆல்ஃபா சங்கிலி மட்டும் தனியாக இருந்தது. ஒட்டியிருந்த சிவப்பணுவின் மிச்சமாக இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்புதான். உட்சுவர்ச் செல்லே அதைத் தயாரிக்கிறது என்று காட்டி அந்த ஐயத்தை நீக்கினார்கள். பெருந்தமனியில் அதைக் காணவில்லை. ரத்த அழுத்தத்தை நிர்ணயிக்கும் சிறு தமனிகளில்தான், அதிலும் ஈநாஸுக்குப் பக்கத்திலேயே அது நின்றிருந்தது.

அங்கே அது செய்யும் வேலை, வாயுவை வழிமறிப்பது. ஆல்ஃபா சங்கிலியின் நடுவில் ஓர் இரும்பு அணு உள்ளது. அந்த இரும்பு, இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட நிலையில் ஆக்சிஜனைப் பிடித்திருந்தால், வந்து மோதும் நைட்ரிக் ஆக்சைடை நொடியில் நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் தசையைத் தளர்த்தாது. செய்தி பாதியிலேயே அழிந்துபோகிறது. ஆனால் இந்த வினையில் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து மூன்று நேர்மின்னேற்ற நிலைக்குப் போய்விடுகிறது. அந்த நிலையில் அதனால் வாயுவை அவ்வளவு வேகமாக அழிக்க முடியாது. நைட்ரிக் ஆக்சைடு அதைத் தாண்டித் தசைக்குப் போகிறது. இழந்த எலக்ட்ரானைத் திரும்பக் கொடுத்து இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற நொதியும் அதே தொடுமுனையில் இருக்கிறது. அந்த நொதி சுறுசுறுப்பாக இருந்தால் வாயு அழியும், குழாய் இறுக்கமாகும். அது ஓய்ந்தால் வாயு கடந்து செல்லும், குழாய் தளரும்.

ஆல்ஃபா சங்கிலியும் ஈநாஸும் ஒட்டிக்கொள்ளும் இடத்தைப் போலவே அமைந்த, 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டை அதே குழு பின்னர் உருவாக்கியது. அது இரண்டுக்கும் நடுவே புகுந்து அவற்றைப் பிரிக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்த அழுத்தம் குறைந்தது. மனிதருக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை. ஆனாலும் ஃபர்ச்காட்டின் வளையத்துக்குப் பிறகு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். ஒரு செல் தானே பாடுபட்டுத் தயாரித்த பொருளை, அது போய்ச் சேருமுன் தானே அழிக்கவும் ஆயத்தமாக இருக்கிறது. இந்த வாயுவில் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

இனி, இந்த ஏற்பாடு கெடும் விதம். ஈநாஸ் சரியாக வேலை செய்ய டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் தேவை. பெயர் நீளம், பிஹெச்4 என்று வைத்துக்கொள்வோம். அது போதுமான அளவில் இருந்தால் எலக்ட்ரான்கள் அர்ஜினைனுக்குப் போகின்றன. குறைந்துவிட்டால் அதே எலக்ட்ரான்கள் வழிதவறி நேராக ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து, சூப்பர் ஆக்சைடு என்ற மூர்க்கமான மூலக்கூறை உண்டாக்குகின்றன. அதாவது குழாயைக் காக்க வேண்டிய நொதியே அதைக் காயப்படுத்தும் பொருளைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. சூப்பர் ஆக்சைடு எஞ்சியிருக்கும் நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட்டாகிறது. பெராக்சிநைட்ரைட் மிச்சமுள்ள பிஹெச்4ஐயும் சிதைக்கிறது. பிஹெச்4 இன்னும் குறைகிறது, சூப்பர் ஆக்சைடு இன்னும் கூடுகிறது. சர்க்கரை நோய், புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு ஆகியவற்றில் எதை எடுத்தாலும் இந்தச் சுழல் நடப்பதைக் காணலாம். பாஸ்டனில் இறுகிய அந்தத் தமனிகளுக்குள் அசிட்டைல்கோலின் நுழைந்தபோது, பதில் சொல்லும் நிலையில் உட்சுவர்ச் செல்கள் இல்லை. அவற்றைத் தாண்டித் தசையை நேரடியாக அடைந்த அசிட்டைல்கோலின் அதைச் சுருக்கிவிட்டது. நைட்ரோகிளிசரினுக்கு இந்தச் செல்களின் தயவு தேவையில்லை. அது தசைக்குள்ளேயே வேதிமாற்றம் அடைந்து வேலையைச் செய்தது.

இன்னொரு தடையும் உண்டு. உடம்பில் புரதங்கள் சிதையும்போது ஏடிஎம்ஏ என்ற பொருள் உண்டாகிறது. பார்வைக்கு அர்ஜினைனின் சாயல் கொண்டது. ஈநாஸில் அர்ஜினைன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் இது தேங்குகிறது என்று வாலன்ஸின் குழு 1992இல் காட்டியது. சிறுநீரக நோயாளிகளுக்கு இதய நோய் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கான விடையில் இதுவும் ஒரு பகுதி.

தமனிகளில் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை. நேராக ஓடும் பகுதிகள் வெகுகாலம் சுத்தமாக இருக்கின்றன. கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் முதலில் படிகிறது. அங்கே ரத்தம் சீராக இழுக்காமல் முன்னும் பின்னும் அலைபாய்கிறது. சீரான உராய்வு இல்லாததால் நைட்ரிக் ஆக்சைடும் குறைவு. இந்த வாயு குழாயை விரிப்பதோடு நிற்பதில்லை. தட்டணுக்கள் சுவரில் ஒட்டுவதையும், வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைவதையும், மென்தசை மிதமிஞ்சிப் பெருகுவதையும் தடுக்கிறது. அது குறைந்த மூலைகளில் இவை மூன்றும் ஒருசேரத் தொடங்குகின்றன.

இவ்வளவும் தெரிந்த பிறகு, அர்ஜினைனைத் தின்றால் நைட்ரிக் ஆக்சைடு கூடிவிடாதா என்ற கேள்வி வருவது இயற்கை. உடற்பயிற்சிக் கூடங்களில் நைட்ரிக் ஆக்சைடு பெருக்கி என்ற பெயரில் விற்கும் பொடிகளில் பலவற்றின் அடிப்படை இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்பதில்லை. ஈநாஸ் பாதி வேகத்தில் ஓடத் தேவையான அர்ஜினைனைப்போலப் பல மடங்கு அளவு செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. கட்டுப்பாடு வேறெங்கோ இருக்கும்போது மூலப்பொருளைக் குவிப்பதால் பயன் என்ன? மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2006இல் வெளிவந்தன. ஒரு பாதியினருக்கு அர்ஜினைன், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. தமனிகளின் விறைப்பிலோ இதயத்தின் செயலிலோ எந்த முன்னேற்றமும் இல்லை. அர்ஜினைன் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்றக் குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. சோதனையை நிறுத்தினார்கள். இதய நோயாளிகள் இந்தப் பொடிகளின் பக்கமே போகக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பயன் தருவது எது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜெர்மனியில் ரைனர் ஹாம்பிரெக்ட்டின் குழு, பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த இதய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் தினமும் உடற்பயிற்சி கொடுத்தது. அறுவையின்போது மார்புத் தமனியின் சிறு துண்டை எடுத்து ஆராய்ந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் தமனியில் ஈநாஸும் அதிகம். அதைவிட முக்கியமாக, 1177ஆவது செரினில் பாஸ்பேட் ஏறியிருந்த அளவும் அதிகம். தமனிகள் பழுதாகி அறுவைக்கு வந்த நிலையிலும், நான்கே வாரத்தில் உட்சுவர்ச் செல்கள் திருந்தியிருந்தன. வேகமாக நடக்கும்போது கூடுகிற ரத்த ஓட்டத்தின் உராய்வே அந்தப் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. புகையை விடுவதும், சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் பிஹெச்4 சிதையாமல் காக்கின்றன. கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் ஈநாஸின் அளவைக் கூட்டுகின்றன.

இப்போது சைக்ளிக் ஜிஎம்பிக்கு வருவோம். தசைக்குள் உண்டாகும் அந்த மூலக்கூறைச் சிதைத்துத் தளர்வை முடித்து வைக்க ஒரு நொதி இருக்கிறது: பாஸ்போடைஎஸ்டரேஸ் 5. அதை முடக்கும் மருந்துதான் சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்காகச் சோதிக்கத் தொடங்கி, பின்னர் ஆண்மைக்குறைவுக்கான மாத்திரையாக 1998இல் விற்பனைக்கு வந்தது. வயாகரா என்ற பெயரில் உலகம் அறியும். டடலாஃபிலும் அதே வகை. தனியாக எடுக்கும்போது இவ்வகை மருந்து சைக்ளிக் ஜிஎம்பியைச் சற்றே கூட்டுகிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைக் கொண்டுவந்து சைக்ளிக் ஜிஎம்பியைப் பெருக்குகிறது. ஒரு பக்கம் பெருக்கம், மறுபக்கம் சிதைவு நின்றுபோன நிலை. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். உட்சுவர்ச் செல்கள் வைத்திருக்கும் எந்தக் கட்டுப்பாடும் இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டு மருந்துகளும் அவற்றைத் தாண்டி நேரே தசையில் வேலை செய்கின்றன.

நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இந்த மருந்துகளைத் தொடவே கூடாது. இந்த மருந்துகளில் ஒன்றை எடுத்த பிறகு நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் அவர் நைட்ரேட் கொடுக்க மாட்டார். வேறு வழியில் வைத்தியம் செய்வார். கூட வந்தவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.